அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்க: அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் 128 கேள்விகள்

வந்த கேள்வி இது: "நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். வேலை மூலமாக எனக்குக் கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 67 வயது. அண்ணன் மூலமாகக் கிரீன் கார்டு வாங்கி ஆறு வருடம். ஊரில் எட்டாவது வரை படித்தவர், ஆங்கிலம் ஓரளவு புரியும். 65 வயது தாண்டினால் 20 கேள்வி மட்டும் படித்தால் போதும், தமிழிலேயே பதில் சொல்லலாம் என்கிறார்கள். உண்மையா? எனக்கும் அமெரிக்க வரலாறு சுத்தமாகத் தெரியாது. 128 கேள்வியையும் மனப்பாடம் செய்தால் போதுமா?"

அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. 20 கேள்விச் சலுகைக்கு 65 வயது மட்டும் போதாது. கிரீன் கார்டு வாங்கி 20 வருடமும் ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு பெற்றுத் தமிழில் பதில் சொல்ல இன்னும் இரண்டு வழிகள் உண்டு: 50 வயதும் கிரீன் கார்டோடு 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும். விண்ணப்பம் போடும் நாளன்று இந்தக் கணக்கு பொருந்த வேண்டும். அம்மாவுக்கு ஆறு வருடம்தான் ஆகிறது என்பதால் எதுவும் பொருந்தாது. அவரும் ஆங்கிலத்தில் பேசி, ஒரு வாக்கியம் படித்து, ஒரு வாக்கியம் எழுதி, உங்களைப் போலவே 128 கேள்விகளுக்கும் தயாராக வேண்டும். நினைவாற்றலையோ கற்கும் திறனையோ பாதிக்கும் நோய் இருந்தால் மருத்துவர் நிரப்பித் தரும் என்-648 படிவம் இருக்கிறது. அது நோய்க்காக, வயதுக்காக அல்ல.

பயப்பட வேண்டாம். ஒன்பது வருடமாக எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் இந்தத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். அம்மாவைவிட வயதானவர்களும், அவரைவிடக் குறைவாகப் படித்தவர்களும் தேறிப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அம்மா ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய பயணம் ஏதாவது இருக்கிறதா? கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மாதம் அவர் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதோடு, ஆறு மாதம் தாண்டிய ஒரே பயணம்கூட தொடர்ந்து வசித்தார் என்ற கணக்கைக் கேள்விக்குள்ளாக்கும். பேரன் பிறந்தால் இங்கே, அறுவடைக்கு அங்கே என்று போய்வரும் பெற்றோர் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் தேர்வு அல்ல, இந்தக் கணக்குதான்.

சரி, தேர்வு எப்படி இருக்கும்? 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகளில் 20 வரை கேட்பார்கள். 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி, ஒன்பது தவறினால் தோல்வி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்திவிடுவார்கள். எல்லாம் வாய்வழி, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. ஊரில் உறவினர்கள் சொல்லும் "100 கேள்வி, பத்து கேட்பார்கள், ஆறு சொன்னால் போதும்" என்பது 2008 முதல் இருந்த பழைய தேர்வு. நான் எழுதியதும் அதுதான். பழைய புத்தகத்தை யாராவது அன்போடு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிப் படிக்காதீர்கள். முதல் முறை தவறினாலும், தவறிய பகுதியை மட்டும் 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி எழுதலாம்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. தேறுவதற்கு மனப்பாடம் போதும். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாத 128 துண்டுகளை 67 வயதில் தலையில் நிறுத்துவது கடினம். வகுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: எண் வரிசையில் உருப்போட்டவர்கள் அதிகாரி கேள்வியைக் கொஞ்சம் வேகமாகக் கேட்டால் திணறிப் போகிறார்கள், கதையாகத் தெரிந்துகொண்டவர்கள் ஒரு சொல் காதில் விழுந்தாலே பிடித்துக்கொள்கிறார்கள். 128 கேள்விகளில் முக்கால்வாசியை இரண்டு கதைகளில் கோத்துவிடலாம். ஒன்று, ஒரு ராஜாவிடமிருந்து தப்பி வந்தவர்கள் இன்னொரு ராஜா வந்துவிடாமல் இருக்கக் கட்டிய அரசாங்கம். மற்றொன்று, "மக்களாகிய நாம்" என்று எழுதியவர்கள் யாரையெல்லாம் மக்கள் என்று நினைத்தார்கள், யாரை நினைக்கவில்லை என்பது. இரண்டாவது கதையில் நாமும் வருகிறோம்.

முதல் கதை. எல்லோரும் குழம்பும் இடம் 1776, 1787 என்ற இரண்டு வருடங்கள். எது சுதந்திரப் பிரகடனம், எது அரசியல் சாசனம்? அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: நமக்கு 1947 ஆகஸ்ட் 15 எப்படியோ, அப்படி அவர்களுக்கு 1776 ஜூலை 4. நமக்கு ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த சாசனம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு 1787-ல் பிலடெல்பியாவில் எழுதிய சாசனம். முன்னது "இனி நாங்கள் பிரிட்டனுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல" என்று அறிவித்த தாள், அதை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். பின்னது "இனி எங்களை நாங்கள் இப்படி ஆள்வோம்" என்று வகுத்த சட்டம், அதன் தந்தை என்று சொல்லப்படுபவர் ஜேம்ஸ் மேடிசன். சாசனம் "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. நம் சாசனத்தின் முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குவதை அம்மா பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பார்.

சண்டை எதனால் வந்தது என்ற கேள்விக்குப் பதில் அதிக வரி, தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் போட்ட வரி. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை யாருடையது தெரியுமா? சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. போரின் முக்கிய நிகழ்வு ஒன்றைச் சொல்லச் சொன்னால் யார்க்டவுன் என்று சொல்லலாம். 1781-ல் அங்கே ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். தோற்ற மனிதர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை, 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் சேலத்துக்காரர் ஒருவருக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து யார்க்டவுன் அவருக்கு மறக்கவே இல்லை.

பிலடெல்பியாவில் கூடியவர்களில் மூத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அப்போது அவருக்கு 81 வயது. அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். அவர் எதற்குப் புகழ்பெற்றவர் என்று கேட்டால் "முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்" என்பதே போதும். அலெக்சாண்டர் ஹாமில்டன் அமெரிக்காவின் முதல் நிதித்துறைச் செயலர். கரீபியன் தீவு ஒன்றில் பிறந்து இங்கே வந்தவர். அவர், மேடிசன், ஜான் ஜே மூவரும் சேர்ந்து, புதிய சாசனத்தை ஏற்கும்படி மக்களிடம் வாதாடி எழுதியவைதான் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். மொத்தம் 85, எல்லாவற்றிலும் பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயர்.

அடுத்து அரசாங்க அமைப்பு. இங்கே நம் ஊர் அறிவு பாதி உதவும், பாதி காலை வாரும். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காங்கிரஸ் என்றால் அம்மாவுக்குக் கட்சி. இங்கே அது நாடாளுமன்றம், செனட், பிரதிநிதிகள் சபை என்று அதற்கு இரண்டு அவைகள். இந்த ஒரு சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் வரும் பத்துக் கேள்வியும் குழம்பும். அதேபோல் பிரசிடென்ட் என்றால் நமக்கு ராஷ்டிரபதி பவனில் இருந்து கையெழுத்துப் போடுபவர். இங்கே நம் பிரதமரும் குடியரசுத் தலைவரும் ஒரே ஆளில் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல, அங்கே 1978 முதல் அதிகாரம் உள்ள ஜனாதிபதி முறைதான். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலிருந்து வருகிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சராக இருக்க முடியாது. சட்டம் போடும் கையும் அதை நிறைவேற்றும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். அரசாங்கத்துக்குக் காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம் என்று "மூன்று கிளைகள் ஏன்?" என்ற கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது: ஒரு கிளை மிஞ்சிப் போகாமல் மற்றவை தடுக்க.

அந்தத் தடுப்பை அம்மாவுக்கு வீட்டு உதாரணத்தில் காட்டலாம். பெட்டிச் சாவி ஒருவரிடம், வீட்டுச் சாவி இன்னொருவரிடம். காங்கிரஸ் சட்டம் எழுதும். அதிபர் கையெழுத்துப் போடுவார் அல்லது வீட்டோ செய்து திருப்பி அனுப்புவார். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்த வீட்டோவைத் தாண்டலாம். சட்டம் சாசனத்துக்கு விரோதமானால் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லும். அந்த நீதிபதிகளை நியமிப்பவர் அதிபர், ஆனால் செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது இடங்கள். ஒன்பதில் பெரும்பான்மை ஐந்து என்பதால் வழக்கமாக ஒரு வழக்கைத் தீர்மானிக்க ஐந்து பேர் வேண்டும். நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள், இங்கே ஆயுள் முழுக்கப் பதவி. ஏன் என்று ஒரு கேள்வி உண்டு: அரசியலுக்குப் பயப்படாமல் தீர்ப்புச் சொல்ல.

செனட்டையும் பிரதிநிதிகள் சபையையும் பிரித்துப் புரிந்துகொள்ள மாநிலங்களவையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு ஒன்று. செனட்டில் அப்படி இல்லை. நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. 1787-ல் சின்ன மாநிலங்கள் "பெரியவர்கள் எங்களை விழுங்கிவிடுவார்கள்" என்று முரண்டு பிடித்ததால் வந்த சமரசம் இது. பெரிய மாநிலங்களைச் சமாதானப்படுத்த, பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைக் கணக்கில் அமைந்தது: மொத்தம் 435, அதில் கலிஃபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு ஒன்று. இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் "மாநிலத்துக்கு எத்தனை செனட்டர்", "மொத்தம் எத்தனை", "ஏன் இரண்டு", "சில மாநிலங்களுக்கு ஏன் அதிகப் பிரதிநிதிகள்" என்று நான்கைந்து கேள்விகள் ஒரே வலையில் விழுந்துவிடும். நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா? செனட்டர்களும் முதலில் அப்படித்தான் வந்தார்கள். 1913-ல் 17-வது திருத்தம் வந்த பிறகு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதிநிதிகளுக்கு இரண்டு வருடம், செனட்டர்களுக்கு ஆறு, அதிபருக்கு நான்கு. பிரதிநிதிகளுக்கு ஏன் குறைவு என்றால், மக்களின் மனநிலையை அடிக்கடி உரசிப் பார்க்க.

எலெக்டோரல் காலேஜ் என்ற பெயரைக் கேட்டுக் கல்லூரி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு அவைகளின் கூட்டல்தான் அது: 435, செனட்டுக்கு 100, தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று, ஆக 538. அதிபராக 270 வேண்டும்.

மாநில அதிகாரம் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத பாடம். மாநில சுயாட்சி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் சாசனத்தில் எந்தப் பட்டியலிலும் வராத அதிகாரம் டில்லிக்குப் போகிறது. அமெரிக்காவில் நேர் எதிர்: கூட்டாட்சி அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ. அதுதான் பத்தாவது திருத்தம். பள்ளிக்கூடம், போலீஸ், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் மாநிலத்துடையது. இங்கே ஆளுநரை டில்லி மாதிரி யாரும் அனுப்பிவைப்பதில்லை. மாநில மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் முதல்வர் இடத்தில் இருப்பவர் அவர்தான்.

சாசனத் திருத்தங்கள் மொத்தம் 27. நம் சாசனம் 1950-லிருந்து நூறு தடவைக்கு மேல் திருத்தப்பட்டுவிட்டது. இங்கே 230 வருடத்துக்கு மேலாகியும் 27-தான், காரணம் வழி அவ்வளவு குறுகல். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38. கடைசியான 27-வது திருத்தம் 1789-ல் முன்மொழியப்பட்டு 1992-ல்தான் நிறைவேறியது. முதல் பத்தும் 1791-ல் சேர்ந்தே வந்தன, அவைதான் உரிமைகள் சாசனம். முதல் திருத்தத்தை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்: மதம், பேச்சு, பத்திரிகை, கூட்டம், அரசிடம் முறையிடுதல். ஐந்து விரல், ஐந்து உரிமை.

இனி இரண்டாவது கதை. எனக்கு மனதுக்கு நெருக்கமானது இது. பாடத்தின் நடுவே நான் குரல் மாறிப் பேசும் பகுதியும் இதுதான் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

"எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். 1790-ல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் "சுதந்திரமான வெள்ளை ஆட்கள்" மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்றது. 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பளித்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போரின் நடுவில், 1863-ல், ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். தேர்வில் "அடிமைமுறையை முடிவுக்குக் கொண்டுவந்த போர் எது" என்று நேராகவே ஒரு கேள்வி உண்டு. போர் முடிந்ததும் மூன்று திருத்தங்கள் வரிசையாக வந்தன. 13, 14, 15. இவற்றை "விடுதலை, குடியுரிமை, ஓட்டு" என்று மந்திரம்போலச் சொல்லிப் பழகுங்கள். 13 அடிமைமுறையை ஒழித்தது, 1865. 14 இங்கே பிறந்தவரும் குடியுரிமை பெற்றவரும் குடிமக்கள் என்றது, 1868. 15 நிறத்தைக் காட்டி ஆண்களின் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது, 1870.

பெண்களுக்கு ஓட்டு 1920-ல், 19-வது திருத்தம். 1872-ல் சட்டத்தை மீறி ஓட்டுப் போட்டதற்காகக் கைதான சூசன் பி. ஆந்தனி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1906-லேயே இறந்துவிட்டார். அம்மாவுக்கு இந்த வருடம் நிற்க ஒரு வழி: அடுத்த வருடமே, 1921-ல், சென்னை மாகாணச் சட்டமன்றம் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்றாலும் மாகாணங்களில் முதல் படி நம் ஊரில்தான். அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வந்தது 1924-ல். வேறு எல்லோருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்களுக்கு!

அப்புறம் நம் கதை. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 1923-ல் அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் இந்தியர் "வெள்ளையர்" அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்றது. அவருக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த பல இந்தியர்களின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. போர்வீரர்களுக்கான தனிச் சட்டம் ஒன்று வந்த பிறகு, 1936-ல்தான் திந்த் குடிமகனானார். மற்ற இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946 ஜூலை 2 அன்று, அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டத்தால். அதுவும் வருடத்துக்கு நூறு பேருக்கு மட்டுமே குடியேற்ற அனுமதி தந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான தலிப் சிங் சாந்த் 1949-ல் குடிமகனாகி, 1956-ல் கலிஃபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965-ல் நாட்டுவாரிப் பங்கீடு ஒழிந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் பெருமளவில் வரத் தொடங்கினோம்.

அதே 1965-ல்தான் ஓட்டுரிமைச் சட்டமும் வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் 15-வது திருத்தத்துக்குப் பிறகும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் காகிதத்தில் மட்டுமே வைத்திருந்த உரிமையை உண்மையாக்கிய சட்டம். மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தின் அகிம்சை வழி காந்தியிடம் கற்றது, 1959-ல் அவர் இந்தியாவுக்கே வந்து போனார். அந்த மக்கள் அடிபட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் நாம் உள்ளே வந்திருக்கிறோம். இந்தக் கேள்விகளைப் படிக்கும்போது உங்கள் குழந்தைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் மற்றவற்றுக்கு நீண்ட கதை வேண்டாம். 1929-ல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. மந்தத்திலும் இரண்டாம் உலகப் போரிலும் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அமெரிக்கா போரில் இறங்கியது 1941-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதால். தளபதியாக இருந்து பின்னர் அதிபரானவர் ஐசனோவர். பனிப்போர், கொரியா, வியட்நாம் மூன்றுக்கும் காரணம் கேட்டால் "கம்யூனிசம் பரவாமல் தடுக்க" என்ற ஒரே பதில் போதும். 2001 செப்டம்பர் 11 அம்மாவுக்கே நினைவிருக்கும்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பல கேள்விகளுக்கு அதிகாரப்பூர்வப் பட்டியலில் நான்கைந்து பதில்கள் உண்டு, கேட்ட எண்ணிக்கையைச் சொன்னால் போதும். ஆகவே அம்மாவின் நாக்குக்கு எளிதானதைத் தேர்ந்தெடுத்து அதையே பழக்குங்கள். மூன்று கிளைகளுக்கு "லெஜிஸ்லேட்டிவ், எக்ஸிக்யூட்டிவ், ஜுடிஷியல்" என்று தடுமாற வேண்டாம், "காங்கிரஸ், பிரசிடென்ட், கோர்ட்ஸ்" என்பதும் சரியான பதில்தான். முதல் 13 மாநிலங்களில் ஐந்தைச் சொல்ல வேண்டுமா? "நியூ" என்று தொடங்கும் மூன்றைப் பிடியுங்கள்: நியூயார்க், நியூஜெர்சி, நியூஹாம்ப்ஷயர். கூடவே வர்ஜீனியா, ஜார்ஜியா. நியூமெக்சிகோ இதில் சேராது, அது மட்டும் கவனம். அதிபர், துணை அதிபர், சபாநாயகர், உங்கள் செனட்டர், உங்கள் தொகுதிப் பிரதிநிதி, ஆளுநர் ஆகிய பெயர்கள் மாறக்கூடியவை. நேர்காணலுக்கு முந்தின வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாளைப் பார்த்துப் படிப்பதைவிடக் காதால் கேட்டுப் பழகுவது முக்கியம். குடியுரிமையைக் கவனிக்கும் அரசுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தில் கேள்வி பதில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, இதற்கென்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். உங்கள் குரலில் மட்டும் கேட்டால் அம்மா உங்கள் ஆங்கிலத்துக்கே பழகிவிடுவார். அண்ணன், பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என்று வேறு வேறு வாய் கேட்கட்டும். புரியவில்லை என்றால் "ப்ளீஸ் ரிபீட்" என்று கேட்பதில் தவறே இல்லை என்று சொல்லிவையுங்கள்.

என் அனுபவத்தில் நம் பெரியவர்கள் தடுக்கி விழுவது வரலாற்றில் அல்ல, என்-400 படிவத்தின் ஆம்-இல்லைக் கேள்விகளில்தான். மரியாதைக்காகத் தலையாட்டி "யெஸ், யெஸ்" என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அம்மா ஒத்திகையில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கும் புன்னகையோடு "யெஸ்" என்றார். புரிந்த கேள்விக்கு மட்டும் யெஸ் அல்லது நோ, புரியாததற்கு "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்று மூன்று வாரம் அதை மட்டுமே பழகினோம். உங்கள் அம்மாவுக்கும் அதைச் செய்யுங்கள். குறிப்பாக ஒன்று: "குடிமகள் என்று சொல்லிக்கொண்டதுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா, வாக்காளராகப் பதிந்ததுண்டா?" கிரீன் கார்டோடு அதைச் செய்வது பெரிய தவறு. டிரைவிங் லைசென்ஸ் படிவத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல் டிக் போட்டிருந்தால், விண்ணப்பம் அனுப்பும் முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக, 128-ல் இருக்கும் ஒரு கேள்வியை உருப்போடுவதற்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். குடிமக்களாகும்போது எடுக்கும் உறுதிமொழியில் தரும் வாக்குறுதிகள் இரண்டைச் சொல்லுங்கள் என்பது கேள்வி. அதில் ஒன்று, பிற நாடுகள் மீதான விசுவாசத்தைக் கைவிடுவது. அம்மாவுக்கு அது வெறும் பதில் அல்ல. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டால் விசா இல்லாமல் ஊருக்குப் போய்வரலாம், ஆனால் அங்கே ஓட்டு இல்லை, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கைக் குடிமக்களுக்கு நிலைமை வேறு, அங்கே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி இருக்கிறது. ஊரில் ஓட்டுப் போட்டு வாழ்ந்த ஒரு பெண்மணி அந்த வரியைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும், நான் பார்த்திருக்கிறேன். கிரீன் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்துவிட விரும்பினால் அதுவும் சரியான முடிவுதான், அதை அவர் வாயால் சொல்லட்டும்.

குடியுரிமை எடுக்கலாம் என்று அவரே சொன்னால், இந்த வாரம் ஐந்து விரல் முதல் திருத்தத்தையும் 13, 14, 15-ஐயும் மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் யார்க்டவுன்.